அவதாரக் கிரமமும் பரிணாமக் கிரமமும்

தசாவதாரத்தை உயிரினப் பரிணாமத்தோடு பொருத்திப் பேசும் வழக்கம் இன்று உபந்யாஸ மேடைகளிலும் பக்தி இலக்கியங்களிலும் வேரூன்றிவிட்டது. நீரில் மட்டும் வாழும் மத்ஸ்யம் முதலில். நீரிலும் நிலத்திலும் உலவும் கூர்மம் அடுத்து. நிலத்து விலங்காகிய வராஹம் மூன்றாவது. விலங்கும் மனிதனும் கலந்த நரஸிம்ஹம் நான்காவது. முழு வளர்ச்சி எய்தாத குறுவடிவாக வாமனன். கோடரியோடு காட்டில் திரியும் பரசுராமன். வில்லேந்தி நாடாளும் இராமன். கலப்பை ஏந்திய பலராமன். டார்வின் கண்டதை நம் முன்னோர் என்றோ சொல்லி வைத்தார்கள் என்பது இந்த வரிசையின் முடிவாகக் கூறப்படுகிறது. கேட்பவர் மகிழ்கிறார், சொல்பவருக்கும் சாஸ்திரத்தைக் காத்துவிட்ட நிறைவு உண்டாகிறது.

இதன் பின்னுள்ள கவலை மதிக்கத்தக்கதே. உயிரியல் பயிலும் பிள்ளை வீட்டுக்கு வந்து ஆசாரியர் சொல்லை நகையாடாதிருக்க வேண்டும் என்பதுதான் அக்கவலை. ஆனால் கவலை நல்லதாக இருப்பதால் அதற்குக் கண்ட மருந்தும் நல்லதாகிவிடாது. இந்த ஒப்பீடு அறிவியலுக்கும் பொருந்துவதில்லை, ஸித்தாந்தத்துக்கும் பொருந்துவதில்லை. முதற்குற்றத்தை உயிரியலார் பார்த்துக்கொள்வர். இரண்டாவதை உரை மரபில் வந்தவர்களே ஆராய வேண்டும்.

முதலில் இக்கருத்தின் பிறப்பைக் காண்பது நலம். பூர்வாசாரியர்களின் எந்த வியாக்கியானத்திலும் இதற்கு இடமில்லை. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தது 1859ஆம் ஆண்டில். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1877இல், பிளாவட்ஸ்கி அம்மையார் தம் முதற்பெருநூலில் அவதார வரிசையைப் பரிணாம வரிசையாகப் படித்துக் காட்டினார். 1882இல் பிரம்ம ஸமாஜத் தலைவர் கேசவ சந்திர ஸேனர் தம் சொற்பொழிவொன்றில் அதே வழியில் சென்றார். அவ்வாண்டின் இறுதியில்தான் பிரம்மஞான சபை அடையாற்றில் வந்து நிலைகொண்டது. பிற்காலத்தில் இந்தியாவில் குடியேறிய உயிரியல் அறிஞர் ஹால்டேனும் இவ்வொப்புமையை எடுத்துரைத்தார். ஆக, பழமையின் சான்றாகக் காட்டப்படும் இப்பொருள் ஒன்றரை நூற்றாண்டுக்குட்பட்டது. வைணவர் அல்லாதார் வகுத்தது. வெளியிலிருந்து வந்தது என்பதற்காகவே ஒரு கருத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் முன்னோர் சொன்னது என்று அதற்குப் பெயரிடுவது ஸம்ப்ரதாயத்துக்குச் செய்யும் நேர்மையின்மை.

இனி, பொருத்தத்தைப் பார்க்கலாம். ஆமை இருவாழ்வி இனத்தைச் சேர்ந்ததன்று, அது ஊர்வன. பள்ளிப் பாடநூலைப் புரட்டும் சிறுவனே இதைச் சொல்லிவிடுவான். அதைவிடப் பெரிய இடர் புராணக் கதைகளுக்குள்ளேயே இருக்கிறது. மத்ஸ்யமூர்த்தி காத்தது யாரை? மனுவை, அதாவது ஓர் அரசனை. அவனோடு ஓடத்தில் ரிஷிகளும் இருந்தனர், விதைகளும் இருந்தன. மீன் மட்டுமே உயிரினமாக இருந்த காலத்தில் ஓடம் செலுத்தியவர் யார்? நரஸிம்ஹன் தோன்றியது அரசவை நடத்திய ஹிரண்யனின் மாளிகைத் தூணில். அங்கே ஆசிரியர் வைத்துப் பள்ளியில் படித்த ஐந்து வயதுப் பிள்ளையும் இருந்தான். அப்பிள்ளையின் பேரன் செய்த வேள்வியில் வந்து நின்றவன் வாமனன். அவன் குறுகிய இனத்தின் பிரதிநிதியாக வரவில்லை, அடுத்த கணமே உலகளந்தவன். பரசுராமனும் தசரதகுமாரனும் ஒரே வழியில் எதிர்ப்பட்டு வில்லை மாற்றிக்கொண்டவர்கள். பலராமனும் கண்ணனும் உடன்பிறந்தவர்கள். தமையனும் தம்பியும் பரிணாமத்தின் இருவேறு படிகள் என்றால் படி என்ற சொல்லுக்கே பொருளில்லை.

பத்து என்னும் எண்ணும் நிலையானதன்று. ஸ்ரீமத் பாகவதத்தின் முதல் ஸ்கந்தம் இருபத்திரண்டு அவதாரங்களை வரிசைப்படுத்துகிறது. அங்கே முதலில் வருபவர்கள் ஸனகாதி முனிவர்கள்; இரண்டாவது வராஹம்; நாரதரும் கபிலரும் ப்ருதுவும் வந்து சென்ற பின்னரே பத்தாவதாக மத்ஸ்யமும் பதினொன்றாவதாகக் கூர்மமும் இடம்பெறுகின்றன. பாஞ்சராத்திரத்தில் அஹிர்புத்ந்ய ஸம்ஹிதை முப்பத்தொன்பது விபவங்களைக் கூறுகிறது. பரிணாமத்தைக் காட்டுவதே அவதார வரிசையின் உட்பொருள் என்றால் இவ்விரு நூல்களும் பிழையுடையன என்று சொல்ல நேரும். அதைச் சொல்ல ஒப்பீட்டாளர் எவரும் துணிவதில்லை. இந்த வரிசைகளை எடுத்துக்காட்டாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்ரீவிஷ்ணு புராணத்துக்கும் இதுவே நேர்கிறது. ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு இப்புராணத்தில் உள்ள மதிப்பு தனி. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் புராணங்களுள் பெரிதும் இதையே மேற்கோளாகக் கொண்டார். கூரத்தாழ்வானின் திருக்குமாரருக்குப் பராசர பட்டர் என்று பெயர் வாய்த்ததும் இதன் ஆசிரியரிடம் கொண்ட நன்றியால். முதல் அம்சத்தின் ஐந்தாம் அத்தியாயத்தில் ஒன்பது ஸ்ருஷ்டிகள் சொல்லப்படுகின்றன. மஹத், பூதங்கள், இந்திரியங்கள் என்ற மூன்றுக்குப் பின் நான்காவதாகத் தாவரங்கள், ஐந்தாவதாக விலங்குகள், ஏழாவதாக மனிதர். தாவரம், விலங்கு, மனிதன் என்ற மூன்றையும் எடுத்துக்கொண்டு இதோ பரிணாமம் என்பவர் உண்டு. நான்கும் ஐந்தும் ஏழும் எண்ணப்பட்டன, ஆறு எங்கே? ஆறாவது தேவ ஸ்ருஷ்டி. விலங்குக்கும் மனிதனுக்கும் இடையில் தேவர்கள் நிற்கிறார்கள். அவர்களை ஓசையின்றி நீக்கினால்தான் வரிசை இணங்கும். பராசரரின் கணக்கிலிருந்து ஓரெண்ணைத் திருடி அவருக்குப் புகழ் சேர்ப்பது விசித்திரமான கைங்கரியம்.

அதே அத்தியாயம் மேலும் சென்று, பிரமன் தன் உடலின் வெவ்வேறு உறுப்புகளிலிருந்து ஆட்டையும் பசுவையும் குதிரையையும் தோற்றுவித்ததாக வேறொரு வகையிலும் சொல்கிறது. இரு வகைகளையும் அருகருகே வைத்த முனிவருக்கு அவை காலவரிசைக் குறிப்பேடு என்ற எண்ணம் இருந்திருக்க இயலாது.

அறிவியலோடு பொருந்தாமை ஒருபுறம் இருக்க, ஸித்தாந்தத்துக்கு நேரும் ஊறு இதனினும் பெரிது. கீதையின் நான்காம் அத்தியாயத்தில் கண்ணன் தன் பிறப்பைப் பற்றிச் சொன்னவற்றை எம்பெருமானார் விரித்துரைக்கும் இடம் அவதார ரஹஸ்யம் என்று போற்றப்படுவது. அவன் பிறப்பு மாயத்தோற்றம் அன்று, மெய், பிறக்கும்போது ஈச்வர ஸ்வபாவத்தில் ஒன்றும் குறைவதில்லை, திருமேனி அப்ராக்ருதம், பிறப்புக்குக் காரணம் கர்மம் அன்று, அவன் இச்சை, காலம் தர்மம் நலியும் காலம், பயன், தன்னைக் காணாமல் தரிக்கமாட்டாத அடியார்களுக்குத் தன்னைக் காட்டிக் காத்தல். இந்த ஆறில் ஒன்றேனும் பரிணாமப் படிக்குப் பொருந்துமா? பரிணாமத்தில் உடல் மாறுவது சூழலின் நெருக்கத்தாலும் இனத்தின் மரபுவழி வேறுபாட்டாலும். முந்தைய படி பிந்தையதற்கு வழிவிட்டு ஒதுங்குகிறது. மத்ஸ்யம் அத்தகைய படியென்றால் அது குறைவுடையது. கண்ணன் நிறைவுடையவன் என்றாகும். ஸம்ப்ரதாயமோ மத்ஸ்யத்திலும் அதே பூர்த்தியைக் கண்டு ஸேவிக்கிறது.

இன்னும் நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. நம்மாழ்வார் திருவிருத்தத்தின் முதற்பாசுரத்தில் இருவகைப் பிறப்பை எதிரெதிரே நிறுத்துகிறார். ஒன்று, அஞ்ஞானத்தோடும் அழுக்குடம்போடும் கூடித் தாம் பட்ட பிறப்பு. இனி அது வேண்டா என்கிறார். மற்றொன்று, உயிர்களைக் காப்பதற்காக எம்பெருமான் எல்லா யோனிகளிலும் வந்து பிறந்த பிறப்பு. ஜீவன் தாழ்ந்த யோனியில் விழுவது வினையால். ஈச்வரன் அதே யோனிக்கு இறங்குவது அருளால். எவ்வளவு தாழ இறங்குகிறானோ அவ்வளவுக்கு ஸௌலப்யம் ஒளிர்கிறது. ஆகவே மீனும் பன்றியுமாக அவன் வந்தது ஆழ்வாரின் கண்ணில் குணத்தின் உச்சி. பரிணாமப் பொருள் கொள்பவர் அவ்விறக்கத்தை ஏற்றமாகத் தலைகீழாக்கிவிடுகிறார். இறங்கி வருதல் என்பதே அவதாரம் என்ற சொல்லின் பொருள். ஏறிச் செல்லும் படிக்கட்டுக்கு அப்பெயரை இட்டால், பாசுரத்தில் உருகியவர் எதற்கு உருகினார் என்பதே விளங்காது போகும்.

காலக் கணக்கிலும் இதே நாட்டம் காணப்படுகிறது. பிரமனின் ஒரு பகல் 432 கோடி ஆண்டுகள். விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளைக் கொண்டு கிளேர் பேட்டர்ஸன் 1956இல் வெளியிட்ட பூமியின் வயது ஏறக்குறைய 455 கோடி ஆண்டுகள். இரண்டும் அருகருகே இருப்பதைக் கண்டு வியப்பவர் பலர். கார்ல் ஸேகன் 1980இல் வெளிவந்த தம் தொலைக்காட்சித் தொடரில் பகலும் இரவும் சேர்ந்த 864 கோடியை எடுத்துக்கொண்டு, அது பெருவெடிப்புக்குப் பின் கழிந்த காலத்தில் ஏறத்தாழப் பாதி என்றார். ஒருவர் பகலைப் பூமியோடு பொருத்துகிறார். மற்றவர் பகலிரவைப் பிரபஞ்சத்தின் பாதியோடு பொருத்துகிறார். பிரமனின் ஆயுளோ 311 லட்சம் கோடி ஆண்டுகளைத் தாண்டும். அதனோடு பொருத்த இதுவரை ஒன்றும் கிடைக்கவில்லை.

உண்மையில், நாள்தோறும் ஸங்கல்பம் செய்பவருக்கு இவ்வியப்பு எழவே கூடாது. சுவேதவராஹ கல்பத்தில், வைவஸ்வத மன்வந்தரத்தில், இருபத்தெட்டாவது சதுர்யுகத்தின் கலியுகத்தில் இருப்பதாக அவர் சொல்கிறார். ஜ்யோதிஷ ஸித்தாந்தக் கணக்கின்படி ஆறு மன்வந்தரங்களும் ஏழு ஸந்திகளும் இருபத்தேழு சதுர்யுகங்களும் நடப்புச் சதுர்யுகத்தில் மூன்று யுகங்களும் கலியில் ஐயாயிரத்துச் சொச்சம் ஆண்டுகளும் கழிந்துள்ளன. கூட்டினால் 197 கோடியே 29 லட்சத்துச் சொச்சம் ஆண்டுகள். இக்கல்பம் தொடங்கியே அவ்வளவுதான் ஆகிறது. 455 கோடியோடு இது எவ்வகையிலும் இணங்காது. முழுப் பகலின் அளவைக் கழிந்த காலத்தின் அளவாக எண்ணியதால் விளைந்த மயக்கம் இது. பிள்ளை லோகாசாரியர் தத்வத்ரயத்தில், எண்ணற்ற அண்டங்கள் நீர்க்குமிழிகளைப்போல ஒருசேரத் தோன்றுவதாக அருளிச்செய்ததை எடுத்து, இதுவே இன்றைய பன்மைப் பிரபஞ்சக் கொள்கை என்று சொல்வாரும் உளர். அவ்விடத்தில் ஆசாரியர் காட்ட வந்தது அவ்வண்டங்கள் ஈச்வரனுக்கு விளையாட்டுப் பந்தின் நிலையில் இருக்கின்றன என்பதை. பந்தை எண்ணுவோர் விளையாடுபவனை மறந்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு பொருத்தமும் பிழையாக இருப்பது தற்செயல் அன்று. பிழை அணுகுமுறையிலேயே இருக்கிறது. அதை எம்பெருமானார் சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தில் முன்பே ஆராய்ந்து ஒதுக்கியிருக்கிறார். அங்கே பூர்வபக்ஷம் நாஸ்திகனுடையதன்று. ஈச்வரனை ஒப்புக்கொண்டு அவனை அனுமானத்தால் நிறுவ வல்லேன் என்பவனுடையது. பூமியும் மலையும் கடலும் உறுப்புகளை உடையவை; உறுப்புடையது எதுவும் செய்யப்பட்ட பொருள்; செய்யப்பட்ட பொருளுக்கு அதன் உபாதானத்தை அறிந்த கர்த்தா ஒருவன் வேண்டும்; இவ்வளவு பெரிய காரியத்துக்குக் கர்த்தா ஸர்வஜ்ஞனாகவே இருக்க முடியும். ஆத்திகனுக்கு இனிக்கும் வாதம். ஆனால் இதை ஒப்பினால் விளைவது என்ன? வேறொரு பிரமாணத்தால் கிடைக்காத பொருளைச் சொல்லும்போதுதான் சாஸ்திரம் பிரமாணமாகும். அனுமானமே ப்ரஹ்மத்தைத் தந்துவிட்டால் உபநிஷத்து தெரிந்ததைத் திருப்பிச் சொல்லும் அனுவாதமாய்ப் போகும். ஈச்வரனுக்கு உதவ வந்த வாதம் வேதத்தின் வேரைத் தோண்டுகிறது.

எம்பெருமானார் அவ்வாதத்தை அதன் நிலத்திலேயே நின்று தகர்க்கிறார். குடத்தைச் செய்தவன் உடலுடையவன், அறிவிலும் ஆற்றலிலும் எல்லையுடையவன். குடத்தை எடுத்துக்காட்டாக்கினால் உலகைச் செய்தவனும் அவ்வாறே ஆவான். பெரிய மாளிகையைப் பலர் கூடிக் கட்டுகிறார்கள். உலகையும் பலர் ஆக்கியிருக்கலாமே. பூமியும் கடலும் ஒரே காலத்தில் உண்டாயின என்பதற்கும் சான்றில்லை. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கர்த்தாக்கள் செய்திருக்கலாம். மிகுந்த புண்ணியத்தால் வியத்தகு ஆற்றல் எய்திய ஜீவர்களே அக்கர்த்தாக்களாகவும் இருக்கலாம். அனுமானம் இவற்றுள் எதையும் விலக்க வல்லதன்று. பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார் கடிகாரத்தைக் காட்டிக் கடிகாரம் செய்தவனை நிறுவ முற்பட்டது 1802இல். அவருக்கு முன்பே 1779இல் வெளிவந்த ஹியூமின் உரையாடல் நூல் அவ்வகை வாதத்தின் குறைகளைப் பட்டியலிட்டுவிட்டது. ஹியூமின் ஆட்சேபங்களைப் படிப்பவருக்கு ஸ்ரீபாஷ்யத்தின் இப்பகுதி நினைவுக்கு வரும். வேற்றுமை என்னவென்றால், ஹியூமுக்கு அது ஐயத்தின் வாசல். எம்பெருமானாருக்கு அது சாஸ்திரத்தின் வாசல்.

இத்தகைய எச்சரிக்கை பிற சமயங்களிலும் காணக் கிடைக்கிறது. பிரபஞ்சம் ஒரு நுண்ணிய தொடக்கத்திலிருந்து விரிந்தது என்னும் கொள்கையை முதலில் வகுத்தோருள் ஒருவரான லெமேத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951 நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் அக்கொள்கையைத் தம் சமயம் கூறும் படைப்புக்குச் சான்றாக எடுத்துரைத்தபோது அதை விரும்பாதவர் லெமேத்ர்தாம். அறிவியல் கருதுகோள் நாளை திருத்தப்படலாம். திருத்தப்படும் ஒன்றன்மேல் நம்பிக்கையை ஏற்றி வைத்தால் அதன் கதி என்ன? பெருவெடிப்பை ஹிரண்யகர்ப்பன் என்று சொல்வோர்க்கும் இக்கேள்வி உண்டு.

அப்படியாயின் சாஸ்திரமும் அறிவியலும் ஒன்றையொன்று பாராத இரு அறைகளா என்று கேட்கலாம். அவ்வாறு சொல்லித் தப்புவதும் எளிதன்று. ஸ்ருஷ்டி வாக்கியங்கள் இவ்வுலகைப் பற்றித்தானே பேசுகின்றன? ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் எம்பெருமானார் ஒரு நெறியை வகுத்திருக்கிறார். சாஸ்திரமும் பிரத்யக்ஷமும் மோதினால் சாஸ்திரமே வெல்லும் என்று அத்வைதி கூற, இவரோ இரண்டுக்கும் மோதலே இல்லை என்கிறார். பிரத்யக்ஷத்தின் விஷயம் ஆகாயம் முதலான பூதங்களும் அவற்றின் விகாரங்களும், சாஸ்திரத்தின் விஷயம் புலன்களுக்கு எட்டாத ப்ரஹ்மத்தின் ஸ்வரூபமும் குணங்களும். கண்ணால் கண்டதைப் பொய் என்று தள்ளிச் சாஸ்திரத்தைக் காக்கும் வழியை அவர் ஏற்கவில்லை என்பது இதில் முக்கியம்.

இந்நெறி நடைமுறையில் நெடுங்காலமாக உயிரோடு இருந்தது. ஸ்ரீவிஷ்ணு புராணம் பூமண்டலத்தின் பரப்பை 50 கோடி யோஜனை என்கிறது. ஸூர்ய ஸித்தாந்தம் பூகோளத்தின் விட்டத்தை 1,600 யோஜனை என்கிறது. லல்லரும், 1150இல் ஸித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கராசாரியரும் புராண பூகோளத்தின் கூற்றுகள் சிலவற்றை வெளிப்படையாகவே மறுத்தனர். ராஹு விழுங்குவதாகப் புராணம் சொல்லும் கிரஹணத்தை நிழலால் விளைவதாகக் கணித்தே பஞ்சாங்கம் ஸ்பர்ச காலத்தையும் மோக்ஷ காலத்தையும் குறிக்கிறது. அந்தக் கணித நேரத்தைப் பார்த்துத்தான் வைதிகர் ஸ்நானமும் தர்ப்பணமும் செய்கிறார். கிரஹணம் எப்போது என்பதைக் கணிதத்திடமும் அப்போது செய்யத்தக்கது என்ன என்பதைச் சாஸ்திரத்திடமும் கேட்கும் இப்பழக்கத்தை எவரும் நம்பிக்கைக் குறைவு என்று பழித்ததில்லை. டார்வினைக் கண்டு மட்டும் இவ்வளவு பதற்றம் ஏன் என்பது ஆராயத்தக்கது.

கடினமான இடத்தையும் மறைக்க வேண்டுவதில்லை. ஆகாயத்திலிருந்து வாயு, வாயுவிலிருந்து தேஜஸ், தேஜஸ்ஸிலிருந்து நீர், நீரிலிருந்து பூமி என்னும் தோற்றமுறை பொருளுலகைப் பற்றிய கூற்றாகவே தோன்றுகிறது. நீர் தனிமூலம் அன்று, ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கூடிய கூட்டுப்பொருள் என்பது 1780களில் கேவண்டிஷ், லவாய்ஸியே ஆகியோரின் சோதனைகளால் தெளிவாயிற்று. பூதங்கள் வேதியியலின் தனிமங்கள் அல்ல, ஓசை முதல் நாற்றம் வரையான குணங்களின் அடியாக வகுக்கப்பட்ட பாகுபாடு என்று விடை சொல்லப்படுகிறது. இவ்விடையில் பெருமளவு உண்மை உண்டு. ஆனால் முழுமையும் இல்லை. தம் காலத்துப் பொருளியல் அறிவையும் உரையாசிரியர்கள் ஆங்காங்கே கையாண்டிருக்கிறார்கள். அவை அக்காலத்தார் அறிந்ததை எடுத்துச் சொன்ன அனுவாதங்கள் என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. வாக்கியத்தின் தாத்பர்யத்தை முடிவு செய்யும் அடையாளங்களுள் அபூர்வதை ஒன்றல்லவா? பிறவழியால் அறியக் கிடைப்பதில் தாத்பர்யம் இல்லை.

எதில் தாத்பர்யம் என்பதைத் தேஜோதிகரணம் மிகத் தெளிவாகக் காட்டுகிறது. வாயுவிலிருந்து தேஜஸ் தோன்றியது என்றால், தேஜஸ்ஸுக்குக் காரணம் வாயு மட்டும்தானா, பரமாத்மாவா என்பது அங்கே எழும் ஐயம். வாயுவே காரணம் என்றால் ப்ரஹ்மம் முதல் தள்ளுத் தள்ளிவிட்டு ஒதுங்கியதாகும். பரமாத்மா நேரே செய்தார் என்றால் வாயுவைச் சொன்ன சுருதி வீணாகும். எம்பெருமானாரின் முடிவு இரண்டிலும் சேராதது: வாயுவைச் சரீரமாக உடைய பரமாத்மாவே தேஜஸ்ஸுக்குக் காரணம். ஒவ்வொரு படியிலும், முந்தைய பொருளுக்கு அந்தராத்மாவாக நின்று அவனே அடுத்ததை ஸங்கல்பிக்கிறான். இடைக்காரணங்கள் மெய்யானவை, ஆனால் ஈச்வரனுக்குப் போட்டியானவை அல்ல. இயற்கை செய்ததா, இறைவன் செய்தானா என்னும் கேள்வி இங்கே உருவாகவே இடமில்லை. இயற்கைத் தேர்வு என்னும் இடைக்காரணத்தை உயிரியலார் இன்று நிறுவிக் காட்டினால், வாயுவும் தேஜஸ்ஸும் நின்ற இடத்தில் அதுவும் நிற்கும். ஸத்கார்யவாதமும் இதற்கு அரணாகும்: ஸூக்ஷ்ம நிலையிலுள்ள சித்தையும் அசித்தையும் சரீரமாக உடைய ப்ரஹ்மமே ஸ்தூல நிலையை எய்துகிறது, இல்லாத ஒன்று திடீரென உண்டாவதில்லை. உடல்கள் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு மாறின என்ற செய்தி, இனங்கள் தனித்தனியே ஒரே நாளில் ஆக்கப்பட்டன என்போரை அசைக்கலாம். அவஸ்தாபேதத்தையே ஸ்ருஷ்டி என்று சொல்லும் தரிசனத்தை அது அசைப்பதற்கு முகாந்தரமில்லை.

இதனால் பரிணாமக் கொள்கை ஸித்தாந்தத்தை மெய்ப்பித்துவிட்டது என்று யாரேனும் மகிழ்ந்தால், அவர் மீண்டும் சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தின் பூர்வபக்ஷத்தில் போய் நிற்பார். இங்கே நிறுவப்பட்டது விரோதமின்மை மட்டுமே.

உண்மையில் டார்வினும் ஸூத்ரகாரரும் எதிர்ப்படும் இடம் வேறொன்று. அவதார ஒப்பீட்டில் மகிழ்வோர் அப்பக்கம் போவதில்லை. 1860 மே மாதத்தில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏஸா கிரேக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் தம்மை வருத்திய ஒன்றைக் குறிப்பிட்டார். ஒருவகைக் குளவியின் புழுக்கள் உயிரோடிருக்கும் கம்பளிப்பூச்சியின் உடலுக்குள் இருந்து அதைத் தின்று வளர்கின்றன. அருளும் ஆற்றலும் உடைய இறைவன் இதைத் திட்டமிட்டுப் படைத்தான் என்று நம்பத் தம்மால் இயலவில்லை என்றார். இரண்டாம் அத்தியாயத்தின் முதற்பாதத்தில் ஸூத்ரகாரர் எழுப்பிக்கொள்ளும் வைஷம்யம், நைர்க்ருண்யம் என்னும் இரு குற்றச்சாட்டுகளும் இவையே: படைப்பில் ஏற்றத்தாழ்வு இருப்பதால் ஈச்வரன் பக்ஷபாதி, துன்பம் இருப்பதால் இரக்கமற்றவன். கர்மத்தை நோக்கிப் படைப்பதால் குற்றமில்லை என்பதும், படைப்புக்கு முன் கர்மம் ஏது என்றால் கர்மப் பிரவாஹம் அநாதி என்பதும் விடைகள். பிரளயத்தில் அசித்தோடு வேறுபாடின்றிக் கிடந்த ஜீவர்களைக் கண்டு இரங்கி, அவர்கள் கரையேறும்படி உடலையும் இந்திரியங்களையும் ஈச்வரன் கொடுத்தான் என்று பிள்ளை லோகாசாரியர் ஸ்ருஷ்டிக்குத் தயையையே காரணமாக்குகிறார்.

மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் ஒன்றையொன்று தின்று மடிந்தன என்பதைப் பாறைப் படிவுகள் காட்டுகின்றன. உலகில் மரணம் முதல் மனிதனின் பாவத்தால் புகுந்தது என்னும் சமயத்துக்கு இது நேரடி இடர். அநாதி கர்மத்தை ஏற்றவருக்கு இடர் அவ்வடிவில் இல்லை. ஆயினும் கேள்வி தீர்ந்துவிடவில்லை. உடல் கொடுத்தது தயை என்றால், உள்ளிருந்து தின்னப்படும் கம்பளிப்பூச்சிக்குக் கொடுத்த உடல் எவ்வகையில் கரையேறும் கருவி? அதனால் பக்தியும் செய்ய இயலாது, ப்ரபத்தியும் செய்ய இயலாது. அவ்வுடலில் வினை கழிகிறது என்பது ஒரு விடை. அது நியாயத்தைக் காட்டுகிறது, தயையைக் காட்டவில்லை.

தயையைத் தேடுபவர் திருவாய்மொழி ஏழாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழிக்கு வர வேண்டியிருக்கும். அதன் முதற்பாசுரத்தில் ஆழ்வார் அயோத்தியில் இருந்த புல்லையும் எறும்பையும் பேசுகிறார். சராசரம் முழுவதையும், அவற்றினிடம் ஒரு ஹேதுவும் இல்லாமலேயே, இராமபிரான் நற்கதிக்கு உய்த்தான் என்கிறார். அந்தப் புல்லும் எறும்பும் எந்த உபாயத்தையும் அனுஷ்டிக்கவில்லை. அந்நாட்டில் கிடந்தன என்பது தவிர அவற்றுக்கு வேறு தகுதி சொல்லப்படவில்லை. நிர்ஹேதுக க்ருபைக்கு இலக்காகக் காட்டப்படும் இப்பாசுரத்தை ஸ்ருஷ்டி வைஷம்யத்துக்கு விடையாக வைத்துப் படிக்க இடமுண்டு. அயோத்திக்கு வெளியே, இராமபிரானுக்கு முன்னும் பின்னும் மடிந்த எறும்புகளுக்கு அவ்விடை எவ்வளவு தூரம் நீளும் என்பதை உரைகாரர் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.